ப்ளூஸ் பாடகிகள்: இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது, காசு யாரிடம் போனது?

தேய்ந்த ஊசி

1920களில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) பாடிய மா ரெய்னியைப் பற்றிய படத்துக்கான இழையில் ஒருவர் கேட்டிருந்தார், அவ்வளவு பெரிய பாடகி ஒரு கோக் பாட்டிலுக்காக ஒலிப்பதிவையே நிறுத்தி வைப்பது கொஞ்சம் ஓவர் இல்லையா என்று. பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் தனி இழையாகப் போடுகிறேன்.

ஓவர் இல்லை என்பது என் கட்சி. படத்தில் வரும் சம்பவங்கள் கற்பனை, ஆனால் கணக்கு நிஜம். அந்தக் காலத்தில் ஒரு ப்ளூஸ் பாடகிக்குக் கம்பெனியிடம் பேரம் பேசக் கிடைத்த ஒரே நேரம் பாடுவதற்கு முன்னால்தான். பாடிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், தட்டின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலியோடு சரி. அப்புறம் அது ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் பெரும்பாலானவர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

இத்தனைக்கும் அந்த வியாபாரத்தைத் தொடங்கி வைத்தவர்களே இந்தப் பெண்கள்தான். 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் ஓக்கே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக மேமி ஸ்மித் 'கிரேஸி ப்ளூஸ்' பாடினார். அதற்கு முன்பும் ப்ளூஸ் என்ற பெயரில் தட்டுகள் வந்ததுண்டு, பாடியவர்கள் வெள்ளையர்கள். பெர்ரி பிராட்ஃபோர்ட் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, எங்கள் ஜனங்களும் தட்டு வாங்குவார்கள், எங்கள் பாடகியைப் பாட வையுங்கள் என்று நச்சரித்த பிறகுதான் ஓக்கே இறங்கி வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மேமிக்குக் கிடைத்த முதல் ஒலிப்பதிவு வாய்ப்புகூட சோஃபி டக்கர் என்ற வெள்ளைக்காரப் பாடகிக்காக யோசித்து வைத்தது, அவர் வர முடியாமல் போனதால் இவருக்கு வந்தது. கிரேஸி ப்ளூஸ் முதல் மாதத்திலேயே 75,000 விற்றதாகச் சொல்வார்கள். உடனே மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பாடகியைத் தேடி ஓடின. ப்ளூஸ் என்றதும் நமக்கு மனதில் வருகிற கிட்டாரும் கையுமான அந்த ஒற்றை ஆண், தட்டுக்கு வந்து சேர்ந்தது அதற்கு நான்கைந்து வருடம் கழித்து.

மேமி 1946இல் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வைக்க 2010களில் ரசிகர்கள் காசு திரட்ட வேண்டியிருந்தது.

புதுக்காது

அண்ணா, நான் இந்தப் பக்கம் புதிது. பெஸ்ஸி ஸ்மித் பெயர் மட்டும் தெரியும். கார் விபத்தில் அடிபட்டவரை வெள்ளையர் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், ரத்தம் போயே இறந்தார் என்று எங்கோ படித்திருக்கிறேன். அது இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? அப்புறம், எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

நடுச்சாமம்

அந்த ஆஸ்பத்திரிக் கதை நடந்ததே இல்லை. ஆனால் சாகவே மாட்டேன் என்கிறது.

1937 செப்டம்பர் 26 விடியற்காலை, மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் பக்கம் 61ஆம் எண் நெடுஞ்சாலை. துணைவர் ரிச்சர்ட் மோர்கன் கார் ஓட்ட, பெஸ்ஸி பக்கத்தில் இருந்தார். முன்னால் இருந்த லாரியின் பின்பக்கத்தில் கார் மோதியதில் பெஸ்ஸியின் வலது கை ஏறக்குறைய துண்டாகிவிட்டது. தற்செயலாக அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் நிறுத்தி முதலுதவி செய்தார். அதற்குள் இன்னொரு கார் வேகமாக வந்து டாக்டரின் காரிலேயே மோதியது. ஆம்புலன்ஸ் வந்து பெஸ்ஸியை நேராக கிளார்க்ஸ்டேலில் இருந்த கறுப்பினத்தவருக்கான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கையை எடுத்தார்கள், நினைவு திரும்பாமலேயே அன்று முற்பகலில் இறந்தார்.

மறுப்புக் கதையைக் கிளப்பியது ஜான் ஹாமண்ட். பெஸ்ஸியின் கடைசி ஒலிப்பதிவை நடத்தியவரே அவர்தான். செவிவழி கேட்டதை அதே நவம்பரில் 'டவுன் பீட்' பத்திரிகையில் எழுதிவிட்டார். பிறகு எட்வர்ட் ஆல்பி அதை வைத்து நாடகம் எழுத, உலகம் முழுக்கப் பரவியது. 1972இல் வந்த கிறிஸ் ஆல்பர்ட்சனின் வாழ்க்கை வரலாறுதான் அந்த டாக்டரையே தேடிப் பிடித்துப் பேசி விஷயத்தை நேராக்கியது. அந்த டாக்டர் சொன்னதன் சாரம்: அந்த வட்டாரத்தில் எந்த ஆம்புலன்ஸ்காரரும் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நினைத்தே பார்த்திருக்க மாட்டார். மறுப்பதற்கு அங்கே யாரும் கேட்கவே போகவில்லை. யோசித்துப் பார்த்தால் இதுதான் இன்னும் கொடுமை, கட்டுக்கதையில் ஒரு தனிப்பட்ட வில்லனாவது இருக்கிறான்.

புதுக்காது

சரி. அந்த ஆஸ்பத்திரி இப்போதும் இருக்கிறதா?

நடுச்சாமம்

கட்டடம் இருக்கிறது. 1944இல் ரிவர்சைட் ஹோட்டல் ஆனது, ஊர் ஊராகப் போகும் கறுப்பின இசைக்காரர்கள் நிறையப் பேர் அங்கேதான் தங்கினார்கள்.

வைகைக்கரை

ஊசி சார், நீங்கள் சொல்வது பாதிதான் சரி. எல்லோரையும் ஏமாந்த அப்பாவிகளாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பெண்கள் தட்டு விற்றுப் பிழைத்தவர்கள் இல்லை, மேடையில் பிழைத்தவர்கள். தட்டு ஊருக்கு முன்கூட்டியே போய்ச் சேரும் விளம்பரம் மாதிரி, பின்னாலேயே பாடகியின் கூடாரக் கச்சேரி வரும்.

பெஸ்ஸியையே எடுங்கள். சட்டனூகாவில் 1894இல் பிறந்தவர், பெற்றோர் இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள், சகோதரர் கிட்டார் வாசிக்கத் தெருமுனையில் பாடிக் காசு வாங்கியவர். 1912இல் ஒரு ஊர்சுற்றிக் குழுவில் சேர்ந்தார். அதற்குப் பதினொரு வருடம் கழித்துத்தான் கொலம்பியா என்ற தட்டுக் கம்பெனிக்குப் பாடினார். அதாவது தட்டு வருவதற்கு முன்பே தெற்கு முழுவதும் அவருக்கென்று கூட்டம் இருந்தது. உச்சத்தில் வாரம் 2,000 டாலர் வரை வாங்கியிருக்கிறார், 1925இல் குழுவுக்கென்று சொந்தமாக ஒரு ரயில் பெட்டியே செய்து வாங்கினார். அந்தப் பெட்டி சொகுசுக்காக இல்லை. தென் மாநிலங்களில் வெள்ளையர் ஓட்டல் எதுவும் கறுப்பினத்தவரான அவர்களுக்கு அறை தராது, வெள்ளையர் உணவகம் எதுவும் உட்கார வைத்துச் சோறு போடாது. பெட்டியிலேயே படுத்து, பெட்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, கூடாரத்தையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். இவர் காசு விஷயத்தில் ஏமாளியா?

தேய்ந்த ஊசி

ஏமாளி என்று நான் எங்கே சொன்னேன்? நீங்களே கொலம்பியாவைத் தொட்டதால் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1923 பிப்ரவரி, முதல் தட்டு, 'டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்'. ஆறு மாதத்தில் 7,80,000 விற்றது என்று கணக்கு. அந்த வருடம் கொலம்பியா கடன்காரர்கள் பிடியில் இருந்த கம்பெனி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பியானோ வாசித்த கிளாரன்ஸ் வில்லியம்ஸ்தான் பெஸ்ஸிக்கு ஏஜென்ட் மாதிரி நடுவில் நின்று அவர் கூலியில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் பெஸ்ஸியும் அவரைக் கட்டிக்கொள்ளப் போகிற ஜாக் கீயும் வில்லியம்ஸின் அலுவலகத்துக்கே போய் உதைத்து ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வைத்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் அதற்குப் பதிலாக கொலம்பியாவின் ஃபிராங்க் வாக்கர் எழுதிக் கொடுத்த புது ஒப்பந்தத்தில் பக்கத்துக்கு 125 டாலர் உண்டு, ராயல்டி (விற்பனையில் பங்கு) கிடையாது. சுமார் 160 பாட்டு பாடினார், எதற்கும் ராயல்டி இல்லை.

மேடை வருமானம் பெரிது என்பது சரி. மேடை இருக்கும் வரைதான் அது. 1929க்குப் பிறகு பொருளாதார மந்தம், பேசும் படம், ரேடியோ மூன்றும் சேர்ந்து அந்தத் தியேட்டர் வட்டத்தையே இழுத்து மூடின. அமெரிக்காவில் 1927இல் பத்து கோடித் தட்டுக்கு மேல் விற்றது, 1932இல் அறுபது லட்சம். 1931இல் கொலம்பியா பெஸ்ஸியைக் கழற்றிவிட்டது. 1933 நவம்பரில் ஹாமண்ட் கூப்பிட்டுப் பாட வைத்தபோது ஒரு பாட்டுக்குக் கிடைத்தது 37 டாலர் 50 சென்ட். ராயல்டி என்ற ஒன்று இருந்திருந்தால் அந்த நாலைந்து வருடத்தைத் தாண்ட உதவியிருக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அடக்கத்தின்போது பிலடெல்பியாவில் ஏழாயிரம் பேர் வந்தார்கள். பெயர்க்கல் வந்தது 1970 ஆகஸ்டில். ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்ளினும், சின்ன வயதில் பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஜுவனிட்டா கிரீனும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பித்தளைக்குழல்

மா ரெய்னியைப் பற்றித் தொடங்கிய இழையில் மா ரெய்னியையே காணோமே!

இந்த அம்மா கதை வேறு. கூடாரக் கொட்டகை காலத்து ஆள், 1904இல் வில் ரெய்னியைக் கல்யாணம் செய்து, ராபிட் ஃபுட் மின்ஸ்ட்ரல்ஸ் மாதிரி குழுக்களில் இருபது வருடம் பாடி ஆடிய பிறகுதான் 1923இல் பாரமவுண்டுக்கு வந்தார். ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட நூறு பாட்டு. இந்தப் பாரமவுண்ட் சினிமாக் கம்பெனி இல்லை, விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டி செய்தார்கள், பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டு வேண்டும், அதனால் தட்டும் போட்டார்கள். அரக்கும் மட்டம், பதிவும் மட்டம். ரெய்னியின் தட்டைக் கேட்டால் தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல இரைச்சல், அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வரும். பலர் முப்பது நொடியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

மேடையில் அவர் வரும் விதத்தை, 1924இல் அவருடைய வாத்தியக் குழுவை நடத்திய தாமஸ் டோர்சி சொல்லியிருக்கிறார் (பின்னாளில் காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்தி இசையின் தந்தை என்று பெயர் வாங்கியவர் இவரேதான்). மேடையில் ஆளுயரத்துக்குப் பெரிய கிராமபோன் பெட்டி ஒன்று மட்டும் இருக்கும். ஒரு பெண் வந்து அதில் தட்டைப் போடுவாள், உள்ளேயிருந்து பாட்டு கேட்கும், பிறகு கதவைத் திறந்துகொண்டு தங்கக் காசு மாலையோடு ரெய்னியே வெளியே வருவார். தட்டில் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரி நான்தான், வந்து பாருங்கள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

1928இல் அவர் பாட்டு பழைய பாணியாகிவிட்டது என்று பாரமவுண்ட் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. இவர் அழுதுகொண்டு உட்காரவில்லை, கூடாரத்துக்கே திரும்பினார். 1935இல் சொந்த ஊரான ஜார்ஜியாவின் கொலம்பஸுக்குப் போய் தியேட்டர் முதலாளியாக இருந்தார். 1939இல் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதினார்கள்.

வைகைக்கரை

அதைத்தான் சொல்கிறேன். ரெய்னி கையில் கொட்டகை இருந்தது.

இன்னொன்று, யாரும் பாட்டில் என்ன இருக்கிறது என்றே பேசவில்லை. ப்ளூஸ் என்றால் காதலன் விட்டுப்போன சோகம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ரெய்னியின் 1928 பாட்டு 'ப்ரூவ் இட் ஆன் மீ'யைக் கேளுங்கள். நேற்று ராத்திரி சிநேகிதிகளோடு சுற்றினேன், எனக்கு ஆண்கள் ஆகாது, முடிந்தால் நிரூபித்துப் பார் என்று சவால் விடுகிற பாட்டு. கம்பெனி அதற்குப் பத்திரிகை விளம்பரம் போட்டபோது, ரெய்னி தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டிருக்க, ஒரு போலீஸ்காரர் தூரத்தில் நின்று கவனிப்பது போலப் படம் வரைந்தார்கள். 1928இல்! ஜெயில், வெள்ளம், குடி, வீட்டு வாடகை, அடிக்கிற புருஷன், அவனை வெட்டப் போகிறவள், எல்லாம் பாட்டில் வருகிறது. அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பாகச் சொல்வதை அவர்கள் கூடாரத்தில் ஆயிரம் பேர் முன்னால் பாடினார்கள்.

ஆறாம்விரல்

கிட்டார் வாசிக்கிறவன் என்ற முறையில் மெம்பிஸ் மின்னி பெயர் இதுவரை வராதது எனக்கு வருத்தம். மேலே சொன்னவர்கள் எல்லாம் பின்னால் வாத்தியக் குழு வைத்துப் பாடிய மேடைப் பாடகிகள். மின்னி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டு ஓடி மெம்பிஸின் பீல் தெருவில் வாசித்தவர். 1929இல் சலூன் கடை வாசலில் சில்லறைக்கு வாசித்துக்கொண்டிருந்தவரையும் அவர் கணவர் கன்சாஸ் ஜோ மெக்காயையும் கொலம்பியா ஆள் பார்த்துக் கூட்டிப்போனார். அந்த ஜூனில் பதிவானதுதான் 'வென் த லெவி பிரேக்ஸ்', 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. பாடுவது ஜோ, மின்னி கிட்டார் மட்டும்தான். அவருடைய விரல் எப்படி ஓடுகிறது என்று கேட்க அதுவே வசதி. நம்மில் பலருக்கு லெட் செப்ளின் என்ற ராக் குழு 1971இல் போட்டதுதான் தெரியும். பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் மின்னி பெயரையும் போட்டார்கள், அந்த மட்டுக்குப் பரவாயில்லை.

சிகாகோவில் ஒரு போட்டியில் பிக் பில் பிரூன்ஸியை மின்னி தோற்கடித்தார் என்று பிரூன்ஸியே எழுதியிருக்கிறார். மின்சாரக் கிட்டாருக்கு முதலில் மாறியவர்களிலும் இவர் ஒருவர். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1942ஆம் ஆண்டின் கடைசி இரவில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையில் ஒரு பத்தி எழுதினார். சுமார் 200 பாட்டு பதிவு செய்தவர், கடைசியில் பக்கவாதம் வந்து மெம்பிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் கிடந்தார், ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். 1973இல் இறந்தார். பெயர்க்கல் 1996இல், செலவு பாடகி பானி ரேய்ட். இந்த இழையில் இது எத்தனையாவது பெயர்க்கல்?

நடுச்சாமம்

மூன்றாவது.

இவர்களுக்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கையையும் சொல்கிறேன். மேலே ஊசி சொன்ன டவுன்ஹார்ட்டட் ப்ளூஸின் வரிகளை எழுதியவர் ஆல்பர்ட்டா ஹண்டர், லவ்வி ஆஸ்டினோடு சேர்ந்து. அவரே அதை 1922இல் பாரமவுண்டுக்குப் பாடியிருந்தார். பெஸ்ஸி பாடி லட்சக்கணக்கில் விற்றபோது ஹண்டருக்கு வந்த ராயல்டி 368 டாலர் என்று சொல்லப்படுகிறது. உரிமையைப் பாரமவுண்டின் மேயோ வில்லியம்ஸ் ரகசியமாக கொலம்பியாவுக்கு விற்றிருந்தார். அதோடு அவரிடம் பாடுவதையே நிறுத்தினார் ஹண்டர்.

அடுத்து பாரிஸ், லண்டன் என்று போனார். 1928இல் லண்டனில் பால் ராப்சனோடு 'ஷோ போட்' நாடகத்தில் நடித்தார். இரண்டாம் உலகப்போரில் படை வீரர்களுக்காக நாடு நாடாகப் பாடினார். அறுபது வயது வாக்கில் அம்மா இறந்ததும் பாட்டே வேண்டாம் என்று நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டார். அதற்காக வயதில் பன்னிரண்டைக் குறைத்துச் சொன்னார், இல்லாத பள்ளிச் சான்றிதழையும் காட்டினார். நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை. 1977இல் எழுபது வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று அனுப்பினார்கள். உண்மையில் 82!

அதே அக்டோபரில் கிரீனிச் வில்லேஜில் 'குக்கரி' என்ற உணவகத்தில் பாட வந்தார். இரண்டு வாரத்துக்கென்று பேசியது, ஆறு வருடத்துக்கு மேல் ஓடியது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கார்ட்டர் முன்னால் பாடினார். காதில் பெரிய வளையம், குறும்புப் பாட்டு, வாயில் சிரிப்பு. 1984இல் இறக்கும் வரை காசு நறுக்காகத்தான் வைத்திருந்தார் என்கிறார்கள். யூடியூபில் குக்கரி பதிவுகள் கிடைக்கும். புதுக்காது தம்பி, நீங்கள் இதிலிருந்து தொடங்குங்கள், இரைச்சல் தொல்லை இல்லை.

பித்தளைக்குழல்

தாங்களே கடை போட்டவர்களும் உண்டு. விக்டோரியா ஸ்பைவி 1960களின் தொடக்கத்தில் சொந்தமாக ஸ்பைவி ரெக்கார்ட்ஸ் தொடங்கினார், 1962இல் அதில் ஹார்மோனிகா வாசித்த பையன் பாப் டிலன்.

ஆனால் தட்டில் ஏமாறுவது 1920களோடு முடிந்ததா என்றால் இல்லை. பிக் மாமா தார்ன்டன் 1952இல் பாடிய 'ஹவுண்ட் டாக்' ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஹிட் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். ஹூஸ்டனின் பீக்காக் கம்பெனி, டான் ரோபி முதலாளி. அந்தப் பாட்டுக்காக ஒரே ஒரு 500 டாலர் காசோலை வந்தது, அவ்வளவுதான் என்று தார்ன்டன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதையே பாடி எவ்வளவு பெரிய ஹிட் ஆக்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். தார்ன்டன் பாட்டையும் எல்விஸ் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இவர் பாடுவது தண்டச்சோறு ஆண்பிள்ளையை வாசலோடு விரட்டுவது, அவர் பாடுவதில் அது நிஜ நாயாகவே ஆகிவிட்டது.

தேய்ந்த ஊசி

வைகை அம்மாவுக்கும் எனக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன். கொட்டகை வைத்திருந்த ரெய்னி, நர்ஸ் சம்பளம் வாங்கிய ஹண்டர், டெட்ராய்ட்டில் பல வருடம் சர்ச்சில் ஆர்கன் வாசித்து 1966இல் மேடைக்குத் திரும்பி வந்த பாடகி சிப்பி வாலஸ், எல்லோரும் தட்டை நம்பாமல் வேறொன்றைக் கையில் வைத்திருந்தவர்கள். அதற்காகக் கம்பெனிகளை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

வைகைக்கரை

விடச் சொல்லவில்லை. இழைத் தலைப்பில் காசு மட்டும் இருக்கிறது, பாட்டு இல்லை, அதுதான் குறை. அப்புறம் கோகோ டெய்லரை விட்டுவிட்டீர்கள். சிகாகோவில் பகலில் வீடு துடைத்துக்கொண்டு இரவில் கிளப்பில் பாடியவர், 1966இல் 'வாங் டேங் டூடுல்' ஹிட், 2009இல் இறக்கும் வருடம் வரை மேடையில் இருந்தார்.

புதுக்காது

ஹண்டர் கேட்டுவிட்டேன், பிரமாதம். அப்புறம் பெஸ்ஸியின் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' கேட்டேன், 1925 என்று போட்டிருந்தது. குரலுக்குப் பதில் சொல்வது போல ஒரு வாத்தியம் வருகிறதே, அது யார்? எனக்கு இரைச்சல் பெரிதாகத் தெரியவில்லை.

பித்தளைக்குழல்

கார்னெட், லூயி ஆம்ஸ்ட்ராங். அப்போது வயது 23. கூட வரும் அந்தக் காற்றுப்பெட்டி ஹார்மோனியம் வகை, வாசித்தவர் ஃபிரெட் லாங்ஷா. வேறு தாளமே கிடையாது, கவனித்தீர்களா? அதே பாட்டின் பெயரில் 1929இல் எடுத்த குறும்படம் ஒன்றும் இருக்கிறது, பெஸ்ஸி அசைந்து பேசிப் பாடுவதைப் பார்க்க அது ஒன்றுதான் மிச்சம். பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு ரெய்னியின் 1924 'சீ சீ ரைடர்'. அதிலும் ஆம்ஸ்ட்ராங்தான், ஆனால் பாரமவுண்ட் பதிவு, ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.